ஆச்சி வீட்டுத் தரை

“செருப்பத் திண்ணையிலயே விட்டுருங்க டீச்சர். வெறுங்காலோட வாங்க, அப்பத்தான் வீடு தெரியும்” என்றார் ஆச்சி.

பங்குனி மாதத்து மதியம். கானாடுகாத்தானுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். தெருவின் செம்மண் புழுதி, செருப்பின் ரப்பரைத் தாண்டிச் சுட்டுக்கொண்டிருந்தது. திண்ணையேறி, நிலைப்படியைத் தாண்டி, முகப்பைக் கடந்து, வளவின் தாழ்வாரத்தில் வலது காலை வைத்தேன். உள்ளங்காலில் பட்ட குளிர்ச்சி கணுக்காலில் ஏறி, முதுகுத்தண்டில் போய் நின்றது. அடுத்த காலை எடுத்துவைக்க மனம் வராமல் அப்படியே நின்றேன். ஆச்சிக்கு அது பழகிய காட்சி. “வர்றவுக எல்லாம் அந்த எடத்துலதான் நிப்பாக” என்றார்.

குன்னூரில் முப்பது வருடம் உயிரியல் பாடம் நடத்தியவள் நான். மலைக்காரிக்குத் தரை என்பது தவிர்க்க வேண்டிய ஒன்று. மார்கழியில் அடுப்படிக்குக்கூடக் காலுறையோடுதான் போவோம். என்னோடு வேலை பார்த்த தோழியின் பிறந்த வீடு இது. ஆச்சி அவளுடைய அம்மா. ஓய்வு பெற்ற பிறகாவது ஒருமுறை வந்து பார் என்று அவள் பல வருடங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். முதல் நாள் விடியலில் ஸ்வெட்டரோடு கிளம்பினேன். பர்லியாறு வளைவுகளில் அதைக் கழற்றினேன். மேட்டுப்பாளையத்தில் பேருந்து ஜன்னலைத் திறந்தேன். திண்டுக்கல் தாண்டியதும் அதே ஜன்னலை மூடினேன், உள்ளே வந்த காற்று அனலாக இருந்தது. மதுரையில் ஓர் இரவு. மறுநாள் மேலூர், திருப்பத்தூர், குன்றக்குடி மலை, பிறகு காரைக்குடி. பேருந்தில் எனக்குப் பக்கத்தில் இருந்த அம்மா, “இன்னைக்கு வெக்க கொஞ்சம் தேவல” என்றார். என் கைபேசி 37 டிகிரி காட்டியது. ஒரே பேருந்து, ஒரே காற்று, இரண்டு தோல்.

பள்ளிக்கூடத்துப் பழக்கம் விடாமல் நெற்றியில் காட்டும் அகச்சிவப்பு வெப்பமானி ஒன்று என் பையில் எப்போதும் இருக்கும். தாழ்வாரத்துத் தரையில் காட்டினேன்: 30. பக்கத்தில் நின்ற பர்மாத் தேக்குத் தூணில் காட்டினேன்: 30. இரண்டும் ஒன்றுதான். ஆனால் தரையில் வைத்த கால் சில்லென்றிருந்தது. தூணைத் தொட்ட கை எதையும் உணரவில்லை. என் உள்ளங்காலில் காட்டினேன்: 33.

அந்த மூன்று டிகிரியில்தான் எல்லாம் இருக்கிறது. நமக்குப் பொருளின் வெப்பநிலை தெரியாது. தெரிவது நம் தோலின் வெப்பநிலை மட்டும். அதிலும் அது ஏறுகிறதா இறங்குகிறதா, எவ்வளவு வேகமாக என்பதுதான் கூர்மையாகத் தெரியும். தேக்கு, தொட்ட இடத்தில் நம் சூட்டை வாங்கிக்கொண்டு அங்கேயே வைத்திருக்கும், உள்ளே கடத்தாது. அந்த இடம் சீக்கிரமே நம் தோலின் சூட்டுக்கு வந்துவிடும். மணலும் சிமெண்டும் சேர்ந்த கல் அப்படியில்லை. வாங்குவதை உடனே உள்ளே அனுப்பிவிட்டு இன்னும் கேட்கும். கால் வைத்ததும் தோல் தன் சூட்டை இழக்கத் தொடங்குகிறது. அந்த இழப்பைத்தான் நாம் ‘தரை குளிர்ச்சி’ என்கிறோம். தரையைப் பற்றிய சேதி என்று நினைத்துக்கொண்டு என்னைப் பற்றிய சேதியைத்தான் நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஆச்சி வீட்டில் தரை மட்டுமல்ல, சுவரும் அப்படித்தான். சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து இழைத்த பூச்சு, கன்னத்தை வைத்துப் பார்த்தால் பீங்கான் போல வழவழவென்று. பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் வட்டித்தொழில் செய்து சம்பாதித்த நகரத்தார், தேக்கை ரங்கூனிலிருந்தும் பளிங்கை இத்தாலியிலிருந்தும் கொண்டுவந்தார்கள் என்பதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப்பட்டது, வீட்டின் நடுவே வானத்துக்குத் திறந்து கிடக்கும் முற்றமும், சுற்றிலும் தடித்த சுவர்களும், சூடான காற்று மேலேறிப் போக விட்டுவைத்த உயரமும். இவ்வளவு வெயிலில் வாழப்போகிறவர்கள், மனிதத் தோலைக் கணக்கில் வைத்துக் கட்டிய வீடு இது.

மாலையில் ஆத்தங்குடிக்குப் போனோம், அந்தத் தரை எங்கே பிறக்கிறது என்று பார்க்க. ஓட்டுக்கொட்டகை. தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தவர், ஒரு சதுரக் கண்ணாடியின் மேல் உலோக அச்சை வைத்து, அதன் அறைகளில் மஞ்சள், சிவப்பு, பச்சைச் சிமெண்டுக் கரைசலைக் கரண்டியால் ஊற்றினார். அச்சைத் தூக்கியதும் பூ நின்றது. அதன் மேல் உலர்ந்த மணல்-சிமெண்டுத் தூள், அதன் மேல் ஈரக் கலவை, ஒரு தட்டு, ஓர் இழுப்பு. இந்தக் கல்லுக்குச் சூளை கிடையாது. தண்ணீர்த் தொட்டியில் சில நாள் ஊறி, வெயிலில் காய்ந்து கெட்டியாகிறது. காய்ந்த பிறகு கண்ணாடி தானாகக் கழன்றுவிடும். அதன் வழவழப்பு கல்லில் தங்கிவிடும். “பாலிஷ் போடுறதில்லையா?” என்றேன். “நடக்க நடக்க வந்துரும்மா. காலுதான் பாலிஷு” என்றார். வழவழப்பும் குளிர்ச்சியும் ஒன்றோடொன்று சேர்ந்தவை. சொரசொரப்பான தளத்தில் தோல் மேடுகளை மட்டுமே தொடுகிறது, பள்ளங்களில் காற்று நிற்கிறது. கண்ணாடிபோல் சமமான தளத்தில் பாதம் முழுதாகப் படிகிறது. சூடு போவதற்கு வழி அகலமாகிறது.

திரும்பும்போது ஆட்டோக்காரர் காரைக்குடியைச் சுற்றிக்கொண்டு வந்தார், “இதுதான் சிக்ரி” என்று காட்டுவதற்காக. மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-இல் திறக்கப்பட்டது. உப்புக் கரைசலில் அயனிகள் நகர்வதை ஆராயும் இடம். தோல் மூளையோடு பேசுவதும் அதே பாஷையில்தான். சோடியம், கால்சியம் போன்ற அயனிகள் ஒரு சவ்வைக் கடந்து பாய்வதுதான் நரம்பின் பேச்சு. அப்படியானால் சூடு எப்படி அயனியாக மாறுகிறது? நான் வகுப்பு நடத்தத் தொடங்கிய காலத்துப் பாடப்புத்தகங்களில் இந்த இடம் வெற்றிடம். ‘தோலில் வெப்ப உணர்வேற்பிகள் உள்ளன’ என்று ஒரு வரி இருக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு மாணவி கேட்டபோது எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

பதில், ஆத்தங்குடிக்குப் போகும் முன் ஆச்சி வீட்டில் சாப்பிட்ட மதியச் சாப்பாட்டில் இருந்தது.

இலையில் உப்புக்கறி, நாட்டுக்கோழிக் குழம்பு, ரசம். சமையல்கார அண்ணன் மூன்றாங்கட்டில் ஒரு முறத்தில் குண்டு மிளகாயைக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார். ராமநாதபுரம் சீமையின் முண்டு மிளகாய் அது; உருண்டை, கருஞ்சிவப்பு, தடித்த தோல். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கியிருக்கிறது. “வெத காரம்னு நெனைப்பாக. வெதைய ஒட்டிக்கிட்டு வெள்ளையா இருக்கு பாருங்க, அங்கனதான் காரம்” என்றார். அவர் சொன்னது அப்படியே சரி. காப்சைசின் என்ற காரப் பொருள் சுரப்பது விதையைத் தாங்கும் அந்த வெண்தசையில்.

இரண்டாவது கவளத்தில் நாக்கு எரிந்தது. காது சூடானது, நெற்றியில் வியர்வை துளிர்த்தது. இலையில் இருந்த கறி ஆறிப்போயிருந்தது; அதில் சூடு இல்லை. ஆனாலும் வாய் ‘சூடு, சூடு’ என்று கத்தியது. வாய் எதையும் பிழையாகச் சொல்லவில்லை. சூட்டைக் கண்டறியும் அதே கதவைத்தான் மிளகாயும் திறக்கிறது.

அந்தக் கதவைக் கண்டுபிடித்தவர்கள், சான்பிரான்சிஸ்கோவின் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் டேவிட் ஜூலியஸும் அவரது ஆய்வகத்தில் இருந்த மைக்கேல் கேட்டரினாவும். வருடம் 1997. அவர்கள் செய்ததைக் கேட்டால் வயல்காட்டு வேலையின் பொறுமை தெரியும். வலியும் சூடும் உணரும் நரம்பு செல்களிலிருந்து அவை பயன்படுத்தும் மரபணுக்களின் பிரதிகளை ஆயிரம் ஆயிரமாகக் கட்டுகட்டாகப் பிரித்தார்கள். மிளகாயைப் பற்றி எதுவும் அறியாத வேறு வகைச் செல்களுக்குள் ஒவ்வொரு கட்டையும் செலுத்தினார்கள். கால்சியம் உள்ளே வந்தால் ஒளிரும் சாயத்தையும் சேர்த்து, மேலே காப்சைசினை விட்டார்கள். இருட்டு, இருட்டு, இருட்டு. ஒரு கட்டில் சில செல்கள் ஒளிர்ந்தன. அந்தக் கட்டைச் சிறிது சிறிதாகப் பிரித்து, கடைசியில் ஒரே ஒரு மரபணுவில் வந்து நின்றார்கள். இன்று அதற்கு டிஆர்பிவி1 என்று பெயர்.

அது ஒரு புரதம். நான்கு ஒத்த துண்டுகள் வட்டமாகக் கூடி, நடுவில் ஒரு துளை விட்டு, நரம்பு முனையின் சவ்வில் பதிந்து நிற்கின்றன. சாதாரணமாகத் துளை மூடியிருக்கும். காப்சைசின் சவ்வுக்குள் நுழைந்து துண்டுகளுக்கு இடையில் ஒரு பொந்தில் உட்கார்ந்ததும் துளை திறக்கிறது; சோடியமும் கால்சியமும் உள்ளே பாய்கின்றன. மிளகாயே இல்லாமல் 43 டிகிரிக்கு மேல் சுட்டாலும் அதே துளை திறக்கிறது. எனக்கு மிகவும் வியப்பூட்டியது இதன் கூர்மை. உடலில் நடக்கும் வேதிவினைகள் பொதுவாகப் பத்து டிகிரி ஏறினால் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு வேகமாகும். இந்தக் கதவின் திறப்பு, இருபது மடங்குக்கு மேல் தாவுகிறது. அதனால்தான் குளிக்கும் வெந்நீரில் ஒரு சொம்பு கூடினாலும் ‘இதமாக இருக்கிறது’ என்பது ‘சுடுகிறது’ ஆகிவிடுகிறது. 2013-இல் ஜூலியஸும் யீஃபான் செங்கும் உறைகுளிர் மின்னணு நுண்ணோக்கியில் இந்தப் புரதத்தின் உருவத்தை அணு அணுவாகப் பார்த்தார்கள்.

நம் முன்னோர் இந்தக் கதவை நாக்கால் அறிந்திருந்தார்கள் என்று சொன்னால் மிகையில்லை. மிளகாய், போர்ச்சுக்கீசியர் வழியாகப் பதினாறாம் நூற்றாண்டில் வந்த அமெரிக்கச் செடி. பார்ப்பதற்கு மிளகுக்கும் அதற்கும் ஓர் ஒற்றுமையும் கிடையாது. கொடி வேறு, செடி வேறு, குடும்பமே வேறு. ஆனாலும் தமிழ் நாக்கு அதைச் சுவைத்ததும் மிளகு போன்ற காய் என்று பெயர் வைத்தது. மிளகின் பைப்பரினும் மிளகாயின் காப்சைசினும் திறப்பது அதே டிஆர்பிவி1 கதவைத்தான். இஞ்சியின் காரமும் அங்கேதான் போகிறது. பிள்ளையார்பட்டியில் ஆரத்தித் தட்டில் எரிகிற கற்பூரத்தை எரிக்காமல் நசுக்கித் தோலில் தேய்த்தாலும் கதகதவென்று இருக்குமே, அதுவும் இந்தக் குடும்பத்துக் கதவுகளின் வேலை. புதினாவின் குளிர்ச்சிக்கு வேறொரு கதவு: டிஆர்பிஎம்8. அதை 2002-இல் ஜூலியஸின் ஆய்வகமும், பெய்ரூட்டில் பிறந்து அமெரிக்காவுக்குப் போன ஆர்டெம் பட்டபூட்டியனின் ஆய்வகமும் தனித்தனியே கண்டுபிடித்தன. 2021-இல் மருத்துவ நோபல் பரிசு இவர்கள் இருவருக்கும் போனது. பட்டபூட்டியனுக்கு அது கிடைத்தது முக்கியமாக, அழுத்தத்தை உணரும் கதவுகளைக் கண்டதற்காக. அது வேறு கதை.

சாப்பிட்டுக் கை கழுவப் பின்கட்டுக்குப் போனேன். காயப்போட்டிருந்த மிளகாய் விரிப்பின் ஓரத்தில் நாட்டுக்கோழி ஒன்று நிதானமாகக் கொத்திக்கொண்டிருந்தது. மிளகாயைத்தான். “அதுக்கு ஒறைக்காது டீச்சர்” என்று சமையல்கார அண்ணன் சிரித்தார். பறவைகளிடமும் இந்தக் கதவு உண்டு, சுட்டால் திறக்கும். ஆனால் காப்சைசின் உட்கார வேண்டிய இடத்தில் சில அமினோ அமிலங்கள் மாறியிருப்பதால் மிளகாய்க்கு அது திறப்பதில்லை. இதையும் 2002-இல் கோழியின் கதவை எடுத்து ஜூலியஸின் ஆய்வகத்தில் காட்டினார்கள். மிளகாய்ச் செடிக்கு இது நல்ல ஏற்பாடு. எலியும் மனிதனும் விதையைக் கடித்து நொறுக்கிவிடுவார்கள். பறவை முழுதாக விழுங்கி, வேறெங்கோ கொண்டுபோய் இடும். விரட்ட வேண்டியவரை விரட்டி, அழைக்க வேண்டியவரை அழைக்கும் ஒரு காய். அந்தக் கோழியை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். அதற்குக் காரம் தெரியாது. எனக்கும் சமையல்கார அண்ணனுக்கும் தெரியும். இடையில் இருப்பது சில அமினோ அமிலங்கள்.

இரண்டாம் நாள் ஊரைச் சுற்றினேன். தலையில் முந்தானை போட மறந்து, பின்கழுத்து சிவந்துவிட்டது. சாயங்காலம் குளிக்கும்போது, இதமான தண்ணீர்தான், கழுத்தில் பட்டதும் கொதிநீர் போலச் சுட்டது. அதே தண்ணீர் தோளில் ஒன்றும் செய்யவில்லை. வெயிலில் புண்பட்ட தோல் சில வேதிப்பொருள்களைச் சுரக்கிறது. அவை டிஆர்பிவி1-இன் நிலைப்படியைக் கீழே இறக்கிவிடுகின்றன. 43-இல் திறக்க வேண்டிய கதவு, உடம்பின் சூட்டுக்கே திறக்கத் தயாராகிவிடுகிறது. புண்பட்ட இடத்தை யாரும் தொட்டுவிடாதபடி காக்கும் ஏற்பாடு அது. இந்தக் கதவை அடைத்துவிட்டால் வலி தீரும் என்று மருந்து செய்து பார்த்தார்கள். அந்த மருந்துகளில் சில, சாப்பிட்டவர்களுக்குக் காய்ச்சலை ஏற்றின; சில, கையைச் சுடும் சூட்டையே உணர முடியாமல் செய்தன. உடம்பின் சூட்டைச் சீராக வைப்பதிலும் இந்தக் கதவுக்குப் பங்கு உண்டு என்பது அப்போது தெளிவானது.

இதுவரை சொன்னது சூடு. இந்தப் பயணத்தில் என்னை இரவெல்லாம் விழிக்க வைத்தது அதுவல்ல, வெதுவெதுப்பு.

தமிழில் சுடுவதற்குச் சொற்கள் அழுத்தமாக இருக்கும்: அனல், தணல், கொதிப்பு, வெக்கை. இதமான சூட்டுக்கு வந்தால் மொழி குழைந்துவிடும்: வெதுவெது, கதகத. ஒரே அசையை இரண்டு முறை மெல்லச் சொல்கிறோம், ஒரு தடவை சொன்னால் பிடிபடாதது போல. ஆராய்ச்சியாளர்களுக்கும் அது எளிதில் பிடிபடவில்லை. 43 டிகிரிக் கதவு வெதுவெதுப்பை விளக்காது. தோல் 33-இலிருந்து 35-க்கு ஏறுவதை உணர்த்துவது எது? மேல்தோல் செல்களில் இருக்கும் டிஆர்பிவி3 ஆக இருக்கலாம் என்றார்கள். 2016-இல் லண்டன் கிங்ஸ் கல்லூரியில் சுன்-ஷியாங் டானும் பீட்டர் மெக்நாட்டனும் டிஆர்பிஎம்2 என்ற கதவைக் காட்டினார்கள். 33 டிகிரித் தரையையும் 38 டிகிரித் தரையையும் பக்கத்தில் வைத்தால் சாதாரண எலி 33-க்கு ஒதுங்கும். இந்தக் கதவு இல்லாத எலி, இரண்டிலும் வித்தியாசம் பாராமல் நடமாடியது.

அதைவிட ஆச்சரியமான செய்தி 2020-இல் பெர்லினிலிருந்து வந்தது. ஜேம்ஸ் புலே, கேரி லெவின் ஆகியோரின் ஆய்வகங்களில், முன்பாதத்தில் சிறு சூடு பட்டதும் நாக்கை நீட்டினால் தண்ணீர் கிடைக்கும் என்று எலிகளைப் பழக்கினார்கள். ஒரே ஒரு டிகிரி ஏறினாலும் அவை கண்டுகொண்டன. பிறகு ஒவ்வொரு கதவாக நீக்கிப் பார்த்தார்கள். சூட்டுக் கதவுகளை நீக்கியும் எலிகள் ஓரளவு சமாளித்தன. ஆனால் குளிர்க் கதவான டிஆர்பிஎம்8-ஐ நீக்கியதும் வெதுவெதுப்பே தெரியாமல் போனது.

இதைப் படித்த நாளில் வகுப்பில் பாடம் நடத்த முடியாமல் நின்றது நினைவிருக்கிறது. நம் தோல் 32, 33 டிகிரியில் சும்மா இருக்கும்போது குளிர் நரம்புகள் முழுதாக உறங்குவதில்லை. தாழ்ந்த குரலில் ஓயாமல் முணுமுணுத்துக்கொண்டே இருக்கின்றன. தோல் லேசாகச் சூடாகும்போது சில நரம்புகள் பேசத் தொடங்குகின்றன. அதே வேளையில் குளிர் நரம்புகள் வாயை மூடுகின்றன. மூளை இரண்டையும் சேர்த்துப் படித்துத்தான் வெதுவெதுப்பை அறிகிறது. பேச்சு மட்டும் இருந்து மௌனம் இல்லையென்றால் அதற்கு விளங்குவதில்லை. இரவுப் பூச்சிகளின் சத்தம் சட்டென்று நின்றால் யாரோ வருகிறார்கள் என்று மலையில் எங்களுக்குத் தெரியும். அது போலத்தான்.

ஆச்சியிடம் இதைச் சொல்ல வேண்டும் போலிருந்தது. இரவு வளவில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தோம். அவர் இடுப்பில் கனத்த இரும்புச் சாவிக்கொத்து தொங்கியது. ஒரு சாவியை வாங்கி, செம்பிலிருந்த தண்ணீரில் நனைத்துத் துடைத்து, அதன் நுனியால் அவர் முன்கையில் புள்ளி புள்ளியாகத் தொட்டேன். “ஒண்ணுமில்ல... ஒண்ணுமில்ல... இந்தா, இங்க சில்லுங்குது” என்றார். பக்கத்தில் ஓர் அரிசியளவு நகர்த்தினால் மறுபடி ஒன்றுமில்லை. 1882-இல் சுவீடனின் உப்சாலாவில் மேக்னஸ் பிளிக்ஸ் இப்படித்தான் தன் தோலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து, குளிருக்குத் தனிப் புள்ளிகள், வெதுவெதுப்புக்குத் தனிப் புள்ளிகள் உண்டு என்று கண்டார். குளிர்ப் புள்ளிகள் அதிகம், வெதுவெதுப்புப் புள்ளிகள் குறைவு. ஆச்சி சாவியை என் கையிலிருந்து வாங்கி, தானே தன் கையில் தேடத் தொடங்கினார். எண்பது வயதுக்கு மேல் தன் தோலில் புதிதாக ஒன்றைக் கண்ட முகம் அது.

“குஷ்டம் வந்தவுகளுக்கு இது தெரியாதுல்ல?” என்று கேட்டார் சற்று நேரம் கழித்து. அவர் சிறுமியாக இருந்தபோது ஊர் எல்லையில் ஒருவர் இருந்தாராம். கொதிக்கிற பாத்திரத்தை வெறுங்கையால் இறக்குவாராம்.

தெரியாதுதான். தொழுநோய்க் கிருமி, உடம்பின் குளிர்ந்த இடங்களைத் தேடிப் போகும்: காது மடல், மூக்கு, தோலுக்கு அருகில் ஓடும் நரம்புகள். அங்கே முதலில் இழப்பவற்றில் ஒன்று சூடு-குளிர் பிரித்தறியும் உணர்வு. கொல்லிமலையில் 1914-இல் பிறந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து இந்த நோயாளிகளின் கைகளைப் பார்த்தார். நோய் விரல்களைத் தின்கிறது என்றுதான் உலகம் நம்பியிருந்தது. அவர் ஒவ்வொரு புண்ணுக்கும் காரணம் தேடினார். அடுப்பு, சூடான குவளை, முள், இறுக்கிப் பிடித்த சாவி. உணராத காயங்களே விரல்களைக் கொண்டுபோகின்றன என்று கண்டு, உணர்வில்லாத கையைக் கண்ணால் காத்துக்கொள்ளும் முறையை அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். தசைநாண்களை இடம்மாற்றி, மடங்கிப்போன விரல்களைத் திரும்ப விரியவைத்தார். நரம்பு முனையில் உட்கார்ந்திருக்கும் அந்தச் சிறு கதவுகள் எத்தனை விரல்களை ஒவ்வொரு நாளும் காப்பாற்றுகின்றன என்று வேலூரின் அந்த வார்டுகள்தான் எனக்குப் புரியவைத்தன. ஆச்சி, தான் பார்த்த அந்த மனிதரின் பெயரை நினைவுபடுத்தப் பார்த்தார். வரவில்லை.

கிளம்பும் நாள் காலை. விடிந்து சிறிது நேரம்தான் ஆகியிருந்தது. முற்றத்தின் பட்டியக்கல்லில் முந்திய நாள் வெயில் கொஞ்சம் மிச்சமிருந்தது. தாழ்வாரத்திலிருந்து ஓர் அடி இறங்கினால் காலுக்கு அந்த வித்தியாசம் தெரிந்தது. உள்ளங்காலிலிருந்து இடுப்புக்கருகில் முதுகெலும்பு வரை ஒவ்வொரு நரம்பு செல்லும் ஒரே நாராக நீண்டு கிடக்கிறது, ஏறக்குறைய ஒரு மீட்டர். குளிர்ச் சேதி அப்படிப்பட்ட ஒரு நாரில் விரைந்து போகும். வெதுவெதுப்பின் சேதி அதைவிட மெல்லிய வேறொரு நாரில் வினாடிக்கு ஒரு மீட்டர் அளவில், நடந்து போவது போலப் போகும். நான் கல்லில் கால் வைத்து அந்த ஒரு வினாடியைக் காத்துப் பார்த்தேன். வந்தது.

பின்கட்டில் சென்னையிலிருந்து வந்திருந்த பேத்தி, கைக்குழந்தையோடு நின்றாள். ஆச்சி முக்காலியில் உட்கார்ந்து, கால் இரண்டையும் நீட்டி, கொள்ளுப்பேரனைக் குப்புறப் படுக்க வைத்திருந்தார். பக்கத்தில் அண்டாவில் வெந்நீர், வாளியில் பச்சைத்தண்ணீர். பேத்தி கையை விட்டுப் பார்த்து, “சரியா இருக்கு ஆயா” என்றாள்.

“ஒங்கையி அடுப்படியில இருந்து வந்துருக்கு. அது என்னத்தக் கண்டுச்சு” என்று ஆச்சி முழங்கையை வளைத்து, அதன் உள்பக்கத்தை நீரில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

வகுப்பில் நான் ஒவ்வொரு வருடமும் மூன்று பாத்திரம் வைத்துக் காட்டும் சோதனை இது. பதினேழாம் நூற்றாண்டில் ஜான் லாக் என்ற தத்துவவாதி எழுதி வைத்தது. ஒரு கை வெந்நீரில், ஒரு கை குளிர்நீரில் இருந்துவிட்டு, இரண்டையும் ஒரே வெதுவெதுப்பான நீரில் வைத்தால், ஒரு கை குளிர் என்னும், ஒரு கை சூடு என்னும். ஆச்சி லாக்கைப் படித்ததில்லை. காய்ப்பேறாத, எதற்கும் பழகாத தோல் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும்.

“நீங்க வச்சுப் பாருங்க டீச்சர்” என்றார். புடவையைச் சற்று ஏற்றிக்கொண்டு குனிந்து என் முழங்கையை வைத்தேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு மெல்ல, கதகதவென்று. எனக்குச் சரியாகத்தான் இருந்தது, குன்னூர்த் தோல்.

“பிள்ளைக்கு இது கூடுதல்” என்று ஆச்சி ஒரு சொம்பு பச்சைத்தண்ணீரைச் சேர்த்துக் கலக்கி, மறுபடி முழங்கையை வைத்துப் பார்த்தார். இன்னும் அரைச் சொம்பு. பிறகு ஒரு கையால் குழந்தையின் தலையைத் தாங்கி, மறு கையால் முதல் சொம்பை அதன் முதுகில் மெல்ல ஊற்றினார். குழந்தை அழவில்லை. கைகால்களைத் தளர விட்டுவிட்டு, ஆச்சியின் காலில் அப்படியே கன்னத்தை வைத்துக்கொண்டது.